கசவும் பட்டும் ஒரே திரையில்: போட்டோ எடிட்டிங்குக்குக் கட்டுப்படியான மானிட்டர் வாங்குவது எப்படி?

தமிழ்நாடு-கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் இரண்டு விதமான கல்யாணம் வரும். பொள்ளாச்சிப் பக்கத்து முகூர்த்தம் என்றால் அரக்குச் சிவப்பும் மயில்கழுத்துமாகப் பட்டு. பாலக்காடு, சித்தூர்ப் பக்கம் என்றால் கேரளத்துக் கசவுச் சேலை. இரண்டுமே எடிட் செய்கிறவரைச் சோதிக்கும் துணிகள். கசவு முழு வெள்ளை கிடையாது. வெளுக்காத பருத்தியின் இளம் பால்நிறம், ஓரத்தில் ஜரிகை. உங்கள் மானிட்டர் அந்தத் துணியைக் கொஞ்சம் நீலம் கலந்து காட்டினால், நீங்கள் அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டுவீர்கள். படம் அச்சடிக்கிற லேபிலிருந்து ஆல்பம் வரும்போது சேலை மஞ்சளாகி வந்து நிற்கும். பட்டில் வேறு தொல்லை. நல்ல அரக்கு நிறத்தில் மடிப்புகள் தெரியாமல் முழுவதும் ஒரே சிவப்புத் தீற்றலாகிவிடும்.

அப்புறம் வாடிக்கையாளர் வருவார். "ஏனுங்கண்ணா, ஃபோன்ல பாத்தப்ப பளிச்சுன்னு இருந்துதுங்க, ஆல்பத்துல ஏன் இப்படி மங்கிக் கெடக்குது?" இதற்குப் பலரும் லேபைக் குறை சொல்வார்கள், கேமராவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் நடுவில் இருக்கிற மானிட்டரில்தான். லென்ஸுக்கு அறுபதாயிரம் கொடுத்தவர்கூட, அந்தப் படத்தை எந்தத் திரையில் பார்த்துத் தீர்மானம் செய்கிறார் என்று கேட்டால், கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த பழைய திரையைக் காட்டுவார்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் முதல் இருபதாயிரத்துக்குள் நம்பகமான திரை கிடைக்கிற காலம் இது. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் பேனல்

மானிட்டரின் முகத்துக்குப் பின்னால் இருக்கிற எல்சிடி பலகையைத்தான் பேனல் என்கிறோம். பின்னாலிருந்து ஒரு வெள்ளை விளக்கு எரியும். முன்னால் இருக்கிற திரவப் படிகங்கள் திரும்பித் திரும்பி அந்த ஒளியைக் கூட்டியும் குறைத்தும் விடும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகள் வழியாக அது வெளியே வரும். படிகங்கள் எப்படித் திரும்புகின்றன என்பதை வைத்து டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று வகை.

டிஎன் பேனலை உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே நிறம் மாறும். திரையின் மேல் ஓரத்தில் ஒரு நிறம், கீழ் ஓரத்தில் ஒரு நிறம். ஒரே முகத்தைப் படத்தின் மேலே இழுத்து வைத்தால் கறுப்பாகவும் கீழே இழுத்தால் வெளுப்பாகவும் தெரிகிற திரையில் என்ன கலர் கரெக்ஷன் செய்ய முடியும்?

விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், 3000:1 அளவுக்குப் போகும். சாதாரண ஐபிஎஸ்ஸில் 1000:1தான். சினிமா பார்க்க விஏ அருமை. ஆனால் அதிலும் ஒரு கோளாறு உண்டு. நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்கும்போது அடர் நிறங்களின் நுணுக்கம் அமுங்கிப்போகும், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் அதே நுணுக்கம் தெரியும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு, மணப்பெண்ணின் பின்னல், இவற்றில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியை, எவ்வளவு தூக்குவது என்று இந்தத் திரையில் முடிவு செய்ய முடியாது.

மிஞ்சுவது ஐபிஎஸ். 1996-இல் ஹிட்டாச்சி நிறுவனம் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இருட்டு அறையில் கறுப்புத் திரையைப் பார்த்தால் மூலைகளில் லேசான ஒளி தெரியும், அது ஐபிஎஸ்ஸின் சுபாவம். போட்டோ வேலைக்கு நான் சொல்வது ஐபிஎஸ் மட்டும்தான். ஒரு காலத்தில் விலை அதிகம். இப்போது பத்தாயிரத்துக்குள்ளேயே 24 அங்குல ஐபிஎஸ் கிடைக்கிறது.

ஓஎல்இடி திரைகளும் வந்துவிட்டன. பார்க்க அழகுதான், ஆனால் விலை கூடுதல். எடிட்டிங் மென்பொருளின் மெனுவும் கருவிப் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

எஸ்ஆர்ஜிபி என்றால் என்ன?

எல்லா மானிட்டரும் எல்லா நிறத்தையும் காட்டிவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே இருக்கிற நிறம் வந்தால், எல்லையோரம் இருக்கிற ஏதோ ஒன்றைக் காட்டிச் சமாளிக்கும். இந்த எல்லைகளை ஒழுங்குபடுத்தச் சில பொது அளவுகோல்கள் உண்டு. அதில் முக்கியமானது எஸ்ஆர்ஜிபி. ஹெச்பி நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-இல் உருவாக்கி, 1999-இல் சர்வதேசத் தரமானது. இணையம், ஃபோன், வாட்ஸ்அப் என்று நாம் படம் அனுப்புகிற இடமெல்லாம் அடிப்படை எஸ்ஆர்ஜிபிதான். ஆல்பம் அடிக்கிற லேப்களும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கைத்தான் கேட்கின்றன.

ஆகவே உங்கள் மானிட்டர் எஸ்ஆர்ஜிபியை முழுதாக, அல்லது 99 சதவீதமாவது காட்ட வேண்டும். நிற எல்லையைப் பொறுத்தவரை நீங்கள் கேட்க வேண்டியது இது ஒன்றுதான்.

இங்கேதான் விற்பனைக் காகிதத்தில் ஒரு குழப்பம் வரும். சில மானிட்டர்களிலும் மலிவு லேப்டாப்களிலும் "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் "72% என்டிஎஸ்சி" என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்க கலர் டிவிக்காக வகுத்த பழைய அளவு. அதில் 72 சதவீதப் பரப்பு என்றால் ஏறத்தாழ எஸ்ஆர்ஜிபியின் முழுப் பரப்பு. 45 சதவீதம் என்றால் எஸ்ஆர்ஜிபியில் அறுபத்துச் சொச்சம் சதவீதம்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு நிறம் காணாமல் போய்விட்டது. அந்தத் திரையில் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். எடிட் செய்கிறவர் பட்டு மங்கலாக இருக்கிறதே என்று சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, தூக்குவார். லேபில் அடித்து வரும்போது மடிப்பே இல்லாத சிவப்பாக வரும். முகத்திலும் அந்தச் சிவப்பு ஏறியிருக்கும்.

மலிவு லேப்டாப் திரையில் எடிட் செய்து ஆல்பத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். லேப்டாப்பை மாற்ற வேண்டாம். ஒரு வெளி மானிட்டரை இணைத்துக்கொண்டு, கலர் வேலையை அதில் மட்டும் செய்யுங்கள்.

எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிய எல்லைகளும் உண்டு. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது, பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும் அகலமானது. மயில்கழுத்துப் பட்டின் ஆழமான சாயல்கள் சில எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழும் என்பது உண்மை. டிசிஐ-பி3 என்பது சினிமாவுக்கான அளவு. இப்போது பல மானிட்டர்களில் "95% பி3" என்று பெருமையாக எழுதுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவை தேவையில்லை என்பது மட்டுமல்ல, தொல்லையாகவும் முடியலாம். அகலமான திரையில், நிற மேலாண்மை தெரியாத மென்பொருள் எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால், எல்லா நிறமும் ஒரு படி கூடுதலாகத் துள்ளும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தைக் குறைப்பீர்கள், வாடிக்கையாளர் ஃபோனில் படம் வெளிறிக் கிடக்கும். ஏற்கெனவே அப்படி ஒரு திரை வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், மெனுவில் "எஸ்ஆர்ஜிபி" என்று ஒரு மோடு இருக்கும், அதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில மானிட்டர்களில் அந்த மோடு போட்டதும் பிரைட்னஸை மாற்ற முடியாமல் பூட்டிக்கொள்ளும். வாங்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

காகிதத்தில் இருக்கிற மற்ற எண்கள்

டெல்டா இ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை உண்மையில் காட்டுகிற நிறத்துக்கும் இடையிலான வித்தியாசம் அது. 2-க்குக் கீழே இருந்தால் நல்லது. பழகிய கண்ணுக்கும் அந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. "கம்பெனியிலேயே காலிபிரேட் செய்தது (நிறத்தை அளந்து சரிசெய்தது), டெல்டா இ 2-க்குக் கீழே" என்று சொல்லி, பெட்டிக்குள் அந்த ஒரு மானிட்டருக்கான அளவீட்டுத் தாளையும் வைத்துத் தருகிற மாடல்கள் இந்த விலையிலேயே இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

பிட் ஆழம். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள், மூன்றும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். மலிவுத் திரைகள் சில உண்மையில் 6 பிட்தான், 64 படிகள். இடைப்பட்ட நிறத்தைக் காட்ட இரண்டு படிகளுக்கு நடுவே வேகமாக மாறி மாறி மின்னி நம் கண்ணை நம்ப வைக்கும். இதற்கு எஃப்ஆர்சி என்று பெயர். காகிதத்தில் இரண்டுக்குமே "16.7 மில்லியன்" என்றுதான் போடுவார்கள். 8 பிட் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக வாங்காமல் விடாதீர்கள். எஸ்ஆர்ஜிபி முழுதாக இருக்கிற 6 பிட் எஃப்ஆர்சி திரை, 45 சதவீத என்டிஎஸ்சி திரையை விட எத்தனையோ மேல். சாயங்கால வானம், ஸ்டூடியோவின் சாம்பல் பேக்ரவுண்ட் போன்ற இடங்களில் படிப்படியாகக் கோடு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் துல்லியமும். 24 அங்குலத்தில் 1920×1080 நன்றாக இருக்கும், ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே 1080-ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் 82 புள்ளியாகக் குறைந்துவிடும். பெரிய திரை என்று ஆசைப்பட்டு வாங்கினால், கண்ணிமை கூர்மையாக இருக்கிறதா இல்லை ஃபோகஸ் தப்பியதா என்பதே பிடிபடாமல் போகும். ஷார்ப்பனிங்கும் தேவைக்கு மேல் போட்டுவிடுவோம். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560×1440 வாங்குங்கள், 109 புள்ளி. 4கே இன்னும் நன்று, ஆனால் பழைய கம்ப்யூட்டரில் எடிட்டிங் மென்பொருள் திணறும். அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி போடுவது புத்திசாலித்தனம். 24 அங்குலத்தில் 1920×1200 என்று கொஞ்சம் உயரமான திரைகளும் வருகின்றன. நெட்டுவாக்குப் படங்களைத் திருத்துகிறவர்களுக்கு அந்த 120 வரி உயரம் நிஜமாகவே உதவும். எனக்குப் பிடித்த அளவு அதுதான்.

எதற்குக் காசு கொடுக்கக் கூடாது? 144 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், வளைந்த திரை, உள்ளே ஸ்பீக்கர், பின்னால் கலர் லைட்டு. இவையெல்லாம் விளையாடுகிறவர்களுக்கானவை. வளைந்த திரை போட்டோ வேலைக்கு நேரடியாகவே கெடுதல். நேர்க்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலை நம்முடையது. "எச்டிஆர்" ஸ்டிக்கருக்கும் இந்த விலையில் பொருள் கிடையாது. விண்டோஸில் அதை அணைத்தே வையுங்கள்.

மாறாக, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டாண்டு, பளபளப்பில்லாத மேற்பரப்பு, டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு, இந்த மூன்றுக்கும் காசு கொடுக்கலாம். விஜிஏ வயரில் இணைக்கவே வேண்டாம். எச்டிஎம்ஐயில் இணைத்தபின் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கிராபிக்ஸ் கார்டு டிவிக்கு அனுப்புவதுபோல 16-இலிருந்து 235 வரைதான் அனுப்புகிறது என்று அர்த்தம். கார்டின் செட்டிங்கில் ஒளி அளவு வீச்சை முழுமையாக, 0-இலிருந்து 255 வரை என்று மாற்றினால் சரியாகிவிடும். எத்தனையோ நல்ல மானிட்டர்கள் இந்த ஒரு செட்டிங்கால் "கலர் சரியில்லை" என்ற பெயர் வாங்கியிருக்கின்றன.

எவ்வளவுக்கு என்ன கிடைக்கும்?

சுமார் பத்தாயிரத்தில் 24 அங்குலம், 1080, 99 சதவீத எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ். ஸ்டாண்டு சாதாரணமாக இருக்கும், கீழே இரண்டு பலகையை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். தொடங்குகிறவருக்கு இது போதும், இதைவிடக் கீழே இறங்க வேண்டாம்.

அதற்கு மேல், இருபதாயிரத்தை ஒட்டி, போட்டோ வேலைக்கென்றே வருகிற வகைகள். ஆசுஸ் புரோஆர்ட் வரிசையில் பிஏ248கியூவி என்பது 24.1 அங்குலம், 1920×1200, முழு எஸ்ஆர்ஜிபி, கம்பெனி காலிபிரேஷன் தாளோடு வருவது. அதே வரிசையின் பிஏ278கியூவி 27 அங்குலம், 1440. விலை இன்னும் ஒரு படி மேலே. பென்க்யூவின் பிடி வரிசை, டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசை ஆகியவையும் இதே நோக்கத்துக்கானவை. மாடல் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே பெயரை மனப்பாடம் செய்வதை விட மேலே சொன்ன கேள்விகளைக் கடையில் கேட்பது நல்லது.

ஐடி கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய அல்ட்ராஷார்ப் திரைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் நல்ல விலைக்குக் கிடைக்கும். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பின்விளக்கு வயதாக ஆக மங்கும், வெள்ளை மஞ்சளாகும். அரை மணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளையும் நடுச் சாம்பலும் போட்டு, ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நிறம் வேறுபடுகிறதா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு எல்லைப்பக்கத்தில் ஒரு தனிக் கவலை இருக்கிறது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரித்துக் கண்ணால் பார்த்து வாங்கலாம், ஆனால் வீட்டுக்கே வந்து பார்க்கிற சர்வீஸ் கேரள முகவரிக்கு உண்டா என்று கேட்க வேண்டும். கம்பெனி இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். பாலக்காட்டிலா கோயம்புத்தூரிலா, எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்தால் பிறகு அலைச்சல் இல்லை. மூன்று வருட வாரண்டி இருக்கிறதா, அதில் பேனலும் பின்விளக்கும் சேருமா என்பதையும் பில்லோடு கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தை முழுத்திரையில் போட்டு, நிறம் மாறாமல் நிற்கிற செத்த புள்ளி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் நீங்களே எடுத்த மூன்று படங்களைக் கொண்டு போங்கள்: ஒரு கசவு, ஒரு பட்டு, வெயிலில் எடுத்த ஒரு முகம். ஏற்கெனவே ஆல்பத்தில் நன்றாக வந்த படங்களாக இருக்கட்டும். கடையில் திரையை எப்போதும் "விவிட்" மோடில்தான் வைத்திருப்பார்கள், முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஜரிகைக் கரையில் கசவின் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, இல்லை வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடுகிறதா என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

வாங்கி வந்த பிறகுதான் பாதி வேலை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஆல்பம் இருட்டாக வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் தீரும்.

புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது பிரைட்னஸ் 250, 300 நிட் (திரையின் ஒளியை அளக்கிற அலகு) அளவில் இருக்கும். கடையில் பளிச்சென்று தெரிய அது தேவை. பிரிண்டுக்காக எடிட் செய்ய வேண்டியதோ 80 முதல் 120 நிட்டுக்குள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். திரை தானே ஒளிவிடுகிறது, காகிதம் அறையின் வெளிச்சத்தைத் திருப்பி மட்டும் அனுப்புகிறது. மூன்று பங்கு அதிக ஒளியில் படத்தைப் பார்த்து "வெளிச்சம் போதும், கொஞ்சம் குறைக்கலாம்" என்று முடிவு செய்தால், காகிதத்தில் அது இருட்டாகத்தான் வரும். லேப்காரர் என்ன செய்வார்?

மீட்டர் இல்லாமலும் ஓரளவுக்குச் சரிசெய்யலாம். உங்கள் லேபின் பிரிண்ட் காகிதத்தில் அச்சாகாத வெள்ளை ஓரம் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில், நீங்கள் வழக்கமாக ஆல்பம் பார்க்கிற வெளிச்சத்தில் பிடியுங்கள். திரையில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பிரகாசமாகத் தெரிகிற வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பல மானிட்டர்களில் அது 20-க்கும் 35-க்கும் நடுவே வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் திரை மங்கலாக இருப்பது போல உறுத்தும், பிறகு கண் பழகிவிடும்.

அடுத்து மெனு. கலர் டெம்பரேச்சர் 6500கே, காமா 2.2. "ஐ கேர்", "லோ ப்ளூ லைட்", "டைனமிக் கான்ட்ராஸ்ட்", "விவிட்" எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட் சாயங்காலம் தானாக வரும்படி வைத்திருந்தால் அதையும். இரவில் எடிட் செய்த படம் மட்டும் நீலமாக வருகிறது என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நைட் லைட்தான்.

அறையும் மானிட்டரின் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பைப் பார்த்த சன்னல் வழியாக வருகிற வெளிச்சம் பச்சை கலந்தே வரும். சுவர் ரோஸ் நிறம் என்றால் கண் அதற்குப் பழகி, திரையில் பச்சையைக் கூட்டிக் காணும். மானிட்டருக்குப் பின்னால் இருக்கிற சுவருக்காவது சாம்பல் அல்லது மங்கிய வெள்ளை அடித்துவிடுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டியோ நேர் எதிரிலோ உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். மேற்கு வெயில் விழுகிற அறை என்றால் கனத்த திரைச்சீலை போட்டு, பகலிலும் ஒரே விளக்கில் வேலை செய்யுங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம், பகல் வெளிச்ச நிற எல்இடி நல்லது. போட்டவுடன் கலர் வேலையில் இறங்காமல், மானிட்டர் அரை மணி நேரம் சூடாகட்டும்.

காலிபிரேட்டரை நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்

கண் ஏமாறும். திரையும் மாதக்கணக்கில் மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே துல்லியம் வேண்டுமென்றால் காலிபிரேட்டர் என்ற சிறிய கருவிதான் வழி. திரைமேல் தொங்கவிட்டால் அது சில நூறு நிறக் கட்டங்களைப் பார்த்து அளந்து, திரை எங்கெங்கே தவறுகிறது என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதற்கு ஐசிசி புரொஃபைல் என்று பெயர். விண்டோஸும் போட்டோஷாப்பும் லைட்ரூமும் அந்தக் கோப்பைப் பார்த்து நிறத்தைத் திருத்திக் காட்டும். டேட்டாகலரின் ஸ்பைடர், காலிபிரைட் ஆகியவை எளிதில் கிடைக்கிற பெயர்கள். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளோடும் பல கருவிகள் வேலை செய்யும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், காலிபிரேட்டர் பேனலில் இல்லாத நிறத்தைக் கொண்டுவராது. கட்டையே இல்லாத ஹார்மோனியத்தைச் சுதி சேர்த்து என்ன பயன்? 45 சதவீத திரைக்குக் காலிபிரேட்டர் வாங்குவது வீண் செலவு.

கருவியின் விலை மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதால்தான் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் இது தினமும் தேவைப்படுகிற பொருளில்லை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரை ஒருவரையொருவர் தெரிந்த ஸ்டூடியோக்காரர்கள், ஆல்பம் டிசைனர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சீசனில் கேமராவும் லென்ஸும் கைமாறிக்கொண்டுதானே இருக்கின்றன. நாலு பேர் பங்கு போட்டு ஒரு காலிபிரேட்டர் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் ஒரு மெமரி கார்டு, ஒரு பேட்டரி விலைதான் ஆகும். இன்னொரு பெரிய லாபமும் உண்டு. படம் எடுப்பவர் ஓரிடத்தில், கரெக்ஷன் செய்பவர் ஓரிடத்தில், ஷீட் டிசைன் செய்பவர் ஓரிடத்தில் என்று வேலை பிரிந்து கிடக்கிற தொழில் இது. ஒரே கருவியால் அளந்த திரைகளில் மூவரும் ஒரே கசவைப் பார்ப்பார்கள். இருபதாயிரம் ரூபாய்த் திரையை நாற்பதாயிரம் ரூபாய்த் திரையாக மாற்றுவதை விட இந்த ஏற்பாட்டில் கிடைக்கிற பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை, எண்களை நம்பிப் பழகுங்கள். மானிட்டர் பொய் சொல்லலாம், கோப்பில் இருக்கிற எண் மாறாது. போட்டோஷாப்பில் கசவுத் துணியின் வெளிச்சமான இடத்தில் கர்சரை வைத்து இன்ஃபோ பேனலைப் பாருங்கள். சிவப்பு அதிகமாகவும், பச்சை அதைவிடச் சில எண் குறைவாகவும், நீலம் இன்னும் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் அது பால்நிறம். 240, 236, 224 என்பது போல. நீலம் முந்திப் போயிருந்தால் துணி நீலம் பாய்ந்திருக்கிறது. நீலம் நாற்பது, ஐம்பது கீழே கிடந்தால் மஞ்சள் ஏறியிருக்கிறது. மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் இழையே போய்விட்டது, எந்த மானிட்டரும் அதை மீட்டுத் தராது. பட்டில் சிவப்பு 255-இல் முட்டி நிற்கிறதா என்று ஹிஸ்டோகிராம் என்ற ஒளி வரைபடத்தில் சிவப்புச் சேனலை மட்டும் தனியாகப் பார்த்து, முட்டினால் சாச்சுரேஷனை இறக்குங்கள், மடிப்பு திரும்பி வரும்.

கடைசியாக லேபில் ஒரு சோதனை. ஆல்பம் முழுவதையும் அனுப்பும் முன், கசவு, பட்டு, முகம், ஒரு சாம்பல் பட்டை, ஒரு இருட்டான மண்டபக் காட்சி ஆகியவற்றை ஒரே ஷீட்டில் வைத்து, உங்கள் லேபில், நீங்கள் வழக்கமாகப் போடுகிற அதே காகிதத்தில் ஒரு பிரிண்ட் எடுங்கள். லேபில் அவர்களாகக் கலர் கரெக்ஷன் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். வந்த பிரிண்டை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, கோப்பைத் தொடாமல் திரையின் பிரைட்னஸை மட்டும் ஓரிரு புள்ளி நகர்த்தி ஒத்துப்போக வையுங்கள். அந்த பிரைட்னஸ் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் அடியில் ஒட்டிவிடுங்கள். யூபிஎஸ் அணைந்து மானிட்டர் ரீசெட் ஆனாலும், பையன்கள் யாராவது சினிமா பார்க்கக் கூட்டி வைத்தாலும், பழைய இடத்துக்குத் திரும்பி வர அது போதும். லேபை மாற்றினால் மட்டும் இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.